தயவுல கிடைச்சா அது சுதந்திரமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ‘நான்’ங்கிறது, சுதந்திரம், அதிகாரம் இந்த மூணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு எப்படி சிக்கிக்கிட்டு கிடக்குன்னு ஐரோப்பிய தத்துவக்காரங்க பேசினதைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன்ல, அதுக்கு இங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன்லருந்தும் ஜோகன்னஸ்பர்க்லருந்தும் இவ்ளோ கேள்வி வரும்னு எதிர்பார்க்கல. அதனால இந்த மாசம் ஜாதகம், சமையல் கேள்வியெல்லாம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

எங்க கொள்ளுத்தாத்தா ஆற்காடு பக்கத்துலருந்து கிர்மிட்ல, அதாவது கூலி ஒப்பந்தத்துல, வந்தவரு. அவரை யாரும் கட்டி இழுத்துட்டு வரல, அவரே ஒத்துக்கிட்டுதான் கப்பல் ஏறினாருன்னு வீட்ல சொல்வாங்க. அப்ப அவரு சுதந்திர மனுஷனா வந்தாரா, அடிமையா வந்தாரா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சாட்ஸ்வொர்த்

ஐயா, இதே கேள்விய தாமஸ் ஹாப்ஸ்ங்கிற இங்கிலீஷ் தத்துவக்காரர் கிட்ட கேட்டிருந்தா கொஞ்சமும் யோசிக்காம ‘சுதந்திரமாத்தான் வந்தாரு’ன்னு சொல்லியிருப்பாரு. இங்கிலாந்துல உள்நாட்டுச் சண்டை நடந்தப்ப பாரிஸ்ல போய் ஒதுங்கியிருந்து எழுதினவரு அவரு, 1651ல ‘லெவியதான்’ங்கிற அந்தப் புத்தகம் வந்துச்சு. அவரு கணக்கு ரொம்ப சிம்பிள், உடம்பை வெளிலருந்து எதுவும் தடுக்கலன்னா நீ சுதந்திரமா இருக்க, அவ்ளோதான். பயம் இருந்தா? இருக்கட்டும்ங்கிறாரு. அதுக்கு அவரு குடுக்கிற உதாரணமே கப்பல்தான்: புயல்ல கப்பல் முழுகிடும்னு பயந்து ஒருத்தன் சரக்கைத் தூக்கி கடல்ல போடுறான், அவன் இஷ்டப்பட்டுதானே போடுறான், வேணாம்னா போடாம இருந்திருக்கலாமே, அதனால அது சுதந்திரமான செயல்தான்னு. பயத்துல போட்ட ஒப்பந்தமும் செல்லும்ங்கிறது இதோட அடுத்த படி.

இப்ப இதை அப்படியே மெட்ராஸ் துறைமுகத்துக்குக் கொண்டு வாங்க. 1860 நவம்பர் 16ந் தேதி ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்துச்சு, அதுலருந்து 1911 வரைக்கும் மொத்தம் 1,52,184 பேர் நேட்டாலுக்கு, அதாவது டர்பன் இருக்கிற இந்தப் பகுதிக்கு, வந்தாங்க, அதுல பெரும்பாலானவங்க மெட்ராஸ்ல கப்பல் ஏறினவங்க. பஞ்சம், கடன், ஊர்ல மேல்சாதிக்காரன் தொல்லைன்னு ஆளாளுக்கு ஒரு காரணம். ஹாப்ஸ் பார்வைல எல்லாரும் சரக்கைக் கடல்ல போட்டவங்க. இஷ்டப்பட்டு வந்தவங்க.

ஆனா ஒப்பந்தத்துக்குள்ள என்ன இருந்துச்சுன்னு பாருங்க. அஞ்சு வருஷம், முதல் வருஷம் மாசத்துக்கு பத்து ஷில்லிங், அப்புறம் வருஷா வருஷம் ஒரு ஷில்லிங் கூட. இந்தக் கூலிய விடுங்க, இதை விட முக்கியம், கரும்புத்தோட்டத்தை விட்டு வெளிய போகணும்னா முதலாளி எழுதிக் குடுத்த சீட்டு வேணும், சீட்டு இல்லாம ரோட்ல மாட்டினா குத்தம், வேலைக்கு வரலன்னா கூலி புடிக்கிறதோட நிக்காது, கோர்ட்டு ஜெயில்னு போகும். சாதாரண வேலை ஒப்பந்தத்தை மீறினா நஷ்ட ஈடு கேப்பாங்க, இங்க ஆளையே உள்ள தள்ளினாங்க. அங்கதான் இது வேற ஜாதி ஒப்பந்தம்னு தெரியுது.

ஜான் ஸ்டூவர்ட் மில்ங்கிற இங்கிலீஷ் தத்துவக்காரர் 1859ல சுதந்திரத்தைப் பத்தி எழுதின புத்தகத்துல இதுக்கு நேரா ஒரு இடம் இருக்கு. ஒருத்தன் தன்னையே அடிமையா வித்துக்கிறேன்னு ஒப்பந்தம் போட்டா அது செல்லாது, ஏன்னா சுதந்திரத்தைக் காரணம் காட்டி சுதந்திரத்தையே தொலைக்க முடியாதுங்கிறாரு. பிரமாதம்ல? ஆனா அதே புத்தகத்து ஆரம்பத்துல, இந்த விதி எல்லாருக்கும் இல்ல, இன்னும் ‘வளராத’ சமுதாயங்களுக்குப் பொருந்தாதுன்னு ஒரு வேலியும் போட்டு வெச்சிருக்காரு. மனுஷன் 1823லருந்து 1858 வரைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி ஆபீஸ்ல சம்பளம் வாங்கினவரு, அதையும் சேர்த்துப் படிக்கணும். நம்ம ஆளுங்களுக்கு அந்த விதி கெடைக்கல.

ஆகவே உங்க கேள்விக்கு என் பதில், உங்க கொள்ளுத்தாத்தா தானா முடிவெடுத்துதான் வந்தாரு, அந்த தைரியத்தை அவர்கிட்டருந்து புடுங்க வேண்டாம், ஆனா எந்த இடத்துல வந்து நின்னாருன்னா இன்னொருத்தன் சீட்டு எழுதினாத்தான் நடக்க முடியும்ங்கிற இடத்துல. ரெண்டும் உண்மை. அடிமைன்னு மட்டும் சொன்னா அவரு ஏதோ மூட்டை மாதிரி வந்தாருன்னு ஆயிடும், சுதந்திரம்னு மட்டும் சொன்னா தோட்டக்காரன் எழுதின வரலாறு ஆயிடும்.

நான் கோயம்புத்தூர்லருந்து வந்து மிட்ராண்ட்ல வேலை பாக்குறேன். என்னை யாரும் எதுவும் கேக்குறதில்ல, பாஸ் தங்கமான மனுஷன், அரசாங்கமும் தொல்லை பண்றதில்ல. இதுக்கு மேல சுதந்திரம்னு என்ன இருக்கு? சும்மா பெருசு பண்றீங்களோன்னு தோணுது.
– ஐ.டி. ஊழியர், மிட்ராண்ட்

தம்பி, நீங்க சொல்றதுக்கும் ஒரு பெரிய ஆள் துணை இருக்காரு. ஐசயா பெர்லின்ங்கிற தத்துவக்காரர் 1958ல ஆக்ஸ்ஃபோர்ட்ல பேசின பேச்சுல சுதந்திரத்தை ரெண்டா பிரிச்சாரு. எனக்குக் குறுக்க யாரும் வராம இருக்கிறது ஒண்ணு, என் வாழ்க்கைய நானே நடத்துறது இன்னொண்ணு. ரெண்டாவதுல ஒரு ஆபத்து இருக்குன்னாரு, உன்னோட ‘உண்மையான நான்’ என்னன்னு உன்ன விட எனக்குத்தான் தெரியும்னு ஒரு கட்சியோ தலைவனோ வந்து நின்னுட்டான்னா அடிக்கிற அடியையும் உன் விடுதலைன்னு சொல்லிடுவான். நியாயமான பயம்தான், அந்த நூற்றாண்டைப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

ஆனா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். உங்க விசா எது? ஜெனரல் வொர்க் விசான்னா அது ஒரு குறிப்பிட்ட கம்பெனியோட கட்டினது, வேலை போச்சுன்னா இருக்கிற உரிமையும் ஆட்டம் காணும். பாஸ் தங்கம்தான். நாளைக்கு அவரு மாறிட்டா? இல்ல அவருக்கு உங்க மேல ஒரு சின்ன கோவம் வந்தா? லீவு கேக்கும்போது அவர் முகத்தைப் பாத்து நேரம் பாத்து கேக்குறீங்களா இல்லையா? மீட்டிங்ல அவர் சொன்னது தப்புன்னு தெரிஞ்சும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினது உண்டா?

ஃபிலிப் பெட்டிட்னு ஒரு தத்துவக்காரர் 1997ல எழுதின புத்தகம் இந்த இடத்தைத்தான் புடிக்குது. பழைய ரோமாபுரில அடிமைக்கு நல்ல எஜமான் கெடைக்கலாம், ஒரு அடி கூட விழாம வாழ்நாள் முடியலாம், அப்பவும் அவன் அடிமைதான், ஏன்னா எஜமானுக்கு மனசு வந்தா அடிக்கலாம், அதை யாரும் கேக்க முடியாது. அதாவது குறுக்க வராம இருக்கிறது பத்தாது, குறுக்க வர முடியாதபடி இருக்கணும். ஹாப்ஸுக்கும் பெர்லினுக்கும் இவருக்கும் இங்கதான் வித்தியாசம். எனக்கு இவர் சொல்றதுதான் மனசுக்கு ஒத்துப்போகுது. நேட்டால் தோட்டங்கள்லயும் நல்ல முதலாளி, கெட்ட முதலாளின்னு ரெண்டு வகை இருந்தாங்க, அடிக்காத சர்தாரும் (மேஸ்திரி) இருந்திருப்பாரு. சீட்டு மட்டும் ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்.

இதுல ‘நான்’ எங்க வருதுன்னா, அடுத்தவன் தயவுல இருக்கிறவன் கொஞ்சம் கொஞ்சமா அவன் முகத்தைப் படிக்கிறதுல எக்ஸ்பெர்ட் ஆயிடுறான், தனக்கு என்ன வேணும்ங்கிறதையே அவனுக்கு எது புடிக்கும்னு பாத்து மாத்திக்க ஆரம்பிச்சிடுறான், ஒரு கட்டத்துல மாத்திக்கிட்டதே மறந்துபோயிடுது. உங்களைச் சொல்லல தம்பி. எங்க வீட்டுப் பெரியவங்க கடைக்கார வெள்ளைக்காரனைப் பாத்து பேசுற குரலே வேறயா இருக்கும், அதை நான் பாத்து வளந்திருக்கேன்.

2021 ஜூலை கலவரத்துல போலீஸே இல்லாம போன அந்த வாரம் எங்க தெருவுல ஆம்பளைங்க எல்லாம் ராத்திரி பூரா காவல் நின்னாங்க. ஹாப்ஸ் சொன்ன மாதிரி அரசாங்கம் இல்லன்னா ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்குவோம்ங்கிறது அப்பவே நிரூபணம் ஆயிடுச்சு இல்லையா?
– வாசகி, ஃபீனிக்ஸ்

பாதி ஆச்சு. அரசு கைவிட்ட இடத்துல பயம் எப்படி வேகமா பரவுதுன்னு ஹாப்ஸ் எழுதினதை அந்த வாரம் வரி வரியா பாத்தோம், பக்கத்து ஊர்லருந்து வராங்களாம்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தா போதும், தெருமுனைல டயரை அடுக்கி தடுப்பு போட்டுடுவாங்க.

ஆனா எனக்கு அந்த வாரத்துக்கு ஹாப்ஸை விட, அவருக்கு அப்புறம் வந்த இங்கிலீஷ் தத்துவக்காரர் ஜான் லாக் எழுதினது கிட்ட வருது. ராஜா, சட்டம் எதுவும் இல்லாத இடத்துல ஒவ்வொருத்தனுக்கும் தப்பு பண்ணவனைத் தண்டிக்கிற உரிமை உண்டுன்னு சொல்லிட்டு அவரே உடனே அதுல இருக்கிற ஓட்டையையும் காட்டுறாரு: தன் கேஸுக்குத் தானே ஜட்ஜா உக்காந்தா மனுஷன் தன் பக்கம்தான் சாய்வான், கோவமும் பழிவாங்குற எண்ணமும் எல்லை தாண்டும். அரசாங்கம் வேணும்ங்கிறதுக்கு அவரு சொல்ற காரணமே இதுதான். நாடு முழுக்க அந்தக் கலவரத்துல 350 பேருக்கு மேல செத்தாங்க, நம்ம இந்தியர்கள் அதிகமா இருக்கிற ஃபீனிக்ஸ்ல மட்டும் 30 பேருக்கு மேல, அதுல பெரும்பாலும் கறுப்பின மக்கள். கடை கொள்ளையடிக்க வந்தவங்க மட்டும்தானா? வேலைக்குப் போனவங்க, வீட்டுக்குத் திரும்பினவங்க, சாமான் தேடி காரை எடுத்துட்டு வந்தவங்களும் அந்தத் தடுப்புல மாட்டினாங்க. தடுப்புல நின்னவன் போலீஸும் ஜட்ஜும் சாட்சியும் எல்லாமா இருந்தான்.

இது உங்களுக்குக் கசக்கும்னு தெரியும். உங்க பயம் பொய்யில்ல, தெருவைக் காத்தவங்க எல்லாரும் கொலைகாரங்களும் இல்ல. ஆனா யாரைத் தடுத்தோம், யாரைப் போகவிட்டோம்னு பாத்தா ஒரு மனுஷனோட தோலே அவன் ஐ.டி. கார்டா ஆயிருந்துச்சு. ‘எல்லா மனுஷனும் பிறப்புல சமம்’னு எழுதின லாக்கே அடிமை வியாபாரம் பண்ண ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனில பங்கு வெச்சிருந்தவருதான். சுதந்திரத்தைப் பத்தி எவ்ளோ அழகா பேசினாலும் அந்த ‘எல்லாரும்’ எங்க முடியுதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கணும், வெள்ளைக்காரன் கிட்டயும் சரி, நம்ம கிட்டயும் சரி. காந்தி இங்க இருந்தப்ப நம்ம உரிமைக்கு சண்டை போட்டாரே, அதுலயும் ரொம்ப வருஷம் ஆப்பிரிக்கர்கள் கணக்குல வரல.

அதிகாரம் நம்மள அடக்குறது மட்டும் இல்ல, நம்மள உருவாக்குறதே அதுதான்னு எங்க புரொஃபசர் ஃபூக்கோங்கிற பிரெஞ்சு தத்துவக்காரரை வெச்சு சொல்றாரு. அப்படின்னா எதுத்து நிக்கிற ‘நான்’ யாரு? குழப்பமா இருக்கு.
– மாணவி, டர்பன்

குழம்பினா நல்லா படிக்கிறீங்கன்னு அர்த்தம், ஏன்னா ஃபூக்கோவைப் படிச்சவங்க எல்லாரும் இந்தக் கேள்விலதான் முட்டி நிக்கிறாங்க. 1975ல ஜெயிலைப் பத்தி எழுதின புத்தகத்துல அவரு காட்டினது, நடுவுல ஒரு கோபுரம், சுத்தி அறைங்க, உள்ள இருக்கிறவனுக்கு இப்ப காவலன் பாக்குறானா இல்லையான்னு தெரியாது, அதனால எப்பவும் பாக்குறான்னு நெனச்சு தன்னைத்தானே காவல் காத்துக்குவான். பெந்தாம்ங்கிற இங்கிலீஷ் தத்துவக்காரர் போட்ட ஜெயில் பிளான் அது.

ஆனா நம்ம ஊர்ல ஃபூக்கோவுக்கு உதாரணம் தேட ஜெயிலுக்குப் போக வேண்டாம், ஒரு ஃபார்ம் போதும். 1950ல இங்க வெள்ளை அரசாங்கம் கொண்டு வந்த மக்கள் பதிவுச் சட்டம் ஆளாளுக்கு ஒரு இனத்தை ஒட்டிச்சு, சந்தேகம்னா தலைமுடில பென்சிலை சொருகி விழுதா நிக்குதான்னு பாத்தாங்க, அதை வெச்சு ஒரே வீட்ல அண்ணன் ஒரு இனம் தம்பி ஒரு இனம்னு ஆன கதையெல்லாம் உண்டு. அதே வருஷம் வந்த, இனத்துக்கு ஒரு ஏரியான்னு பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்தால வந்ததுதான் சாட்ஸ்வொர்த். தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தின்னு தனித்தனியா இருந்தவங்க, ஒருத்தர் வீட்ல ஒருத்தர் பொண்ணு எடுக்காதவங்க, எல்லாரையும் ஒரே டவுன்ஷிப்ல தள்ளி ‘இந்தியன்’னு பேர் வெச்சான், ரெண்டு தலைமுறைல நாமளே அப்படித்தான் சொல்லிக்கிறோம், சொல்லிக்கிறதுல ஒரு பெருமையும் வந்துருச்சு. அந்த ரெண்டு சட்டமும் 1991ல போயிடுச்சு, ஃபார்ம்ல இனத்தைக் கேக்குற கட்டம் போகல. 1998 வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்துக்காக இப்பவும் ஆபீஸ்ல டிக் பண்றோம், பழைய அநியாயத்தை சரி பண்ணணும்னா அதே கட்டத்தை வெச்சுதான் எண்ணணும்ங்கிறது அதுக்கு நியாயம், அதை நான் மறுக்கல. ஆனா வேடிக்கை பாருங்க, தமிழ்ல நாலு வார்த்தை வராத வெருலம் பையன் அந்த ஃபார்ம்ல இந்தியன், மேல கேள்வி கேட்ட கோயம்புத்தூர் தம்பி அந்தச் சலுகைக் கணக்குல வரமாட்டாரு, ஏன்னா 1994 ஏப்ரல் 27க்கு முன்னாடி குடியுரிமை பெற்றவங்க, இல்ல இங்கயே பிறப்பாலயோ வம்சத்தாலயோ குடிமகன் ஆனவங்களுக்குத்தான் அது. சட்டம் யாரை என்னவா பாக்குதோ அதுவா ஆகுறோம்ங்கிறதுக்கு இதை விட என்ன வேணும்.

சரி, எதுத்து நிக்கிறது யாரு? அதிகாரம் இருக்கிற இடத்துல எதிர்ப்பும் இருக்கும்னு ஃபூக்கோ 1976ல எழுதுறாரு, ஆனா அது ஏன் வருதுன்னு கேட்டா மனுஷன் நழுவுறாருன்னுதான் எனக்குப் படுது. அதுக்கு பிரிட்டோரியாவுல போலீஸ் காவல்ல 1977 செப்டம்பர் 12ல செத்த கறுப்பர் இயக்கத் தலைவர் ஸ்டீவ் பிகோவைப் படிங்க, அப்ப அவருக்கு வயசு முப்பதுதான். உங்க டர்பன்லயே மெடிக்கல் படிச்சவரு. அடக்குறவன் கைல இருக்கிற பெரிய ஆயுதமே அடங்கினவன் மனசுதான்னு சொன்னவரு, அதாவது ஃபூக்கோ பாரிஸ்ல எழுதிக்கிட்டு இருந்ததை இவரு இங்க வென்ட்வொர்த் ஹாஸ்டல்ல உக்காந்து தன் அனுபவத்துலருந்தே புடிச்சிட்டாரு. அதுக்கப்புறம் பண்ணதுதான் கெட்டிக்காரத்தனம். அரசாங்கம் ‘வெள்ளையர் அல்லாதவர்’னு வெச்ச பேரைத் தூக்கிப் போட்டுட்டு, சட்டத்தாலயும் பழக்கத்தாலயும் ஒதுக்கப்பட்டு அதை எதுத்துப் போராட ஒண்ணா நிக்கிறவங்க எல்லாருமே ‘கறுப்பர்’தான்னு அவங்க மாணவர் அமைப்பு அறிவிச்சுச்சு. அதுல நம்ம பசங்களும் இருந்தாங்க, சாத்ஸ் கூப்பர், ஸ்ட்ரினி மூட்லி ரெண்டு பேரும் அதுக்காக ராபன் தீவு ஜெயில் வரைக்கும் போனாங்க. தோலைப் பாத்து ஒட்டின லேபிளை நிலைப்பாட்டைப் பாத்து வெச்ச பேரா மாத்துனாங்க. அதிகாரம் குடுத்த களிமண்லதான் செஞ்சாங்க, ஆனா அவன் சொன்ன பொம்மைய செய்யல. ‘நான்’ங்கிறது எங்கயோ உள்ள பத்திரமா ஒளிஞ்சு கிடந்து கடைசில வெளிய வர்ற பொருள் இல்ல, மாட்டேன்னு சொல்லும்போதுதான் அது உருவாகவே ஆரம்பிக்குதுன்னு நான் நெனைக்கிறேன். 1908 ஆகஸ்ட் 16ல ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி முன்னாடி இந்தியர்கள் கட்டாயம் வெச்சிருக்கணும்னு சொன்ன பதிவுச் சீட்டை 2000க்கு மேல கொளுத்தினாங்களே, சீட்டு எரிஞ்சா ஜெயில்னு தெரிஞ்சே பண்ணாங்க. அப்புறம் ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்துச் சிறைய ரொப்பினது பெரும்பாலும் நம்ம தமிழ் ஆளுங்க, அதுவும் கூடை தூக்கி காய்கறி வித்தவங்க. அவங்க யாரும் ஃபூக்கோ படிக்கல.

ஹெகல் படிக்கணும்னு ஆசை. எங்க ஆரம்பிக்கிறது?
– லெனேசியா வாசகர்

அந்த ஜெர்மன் தத்துவக்காரரோட 1807 புத்தகத்தை (Phenomenology of Spirit) முதல் பக்கத்துலருந்து ஆரம்பிக்காதீங்க, மூணாம் நாள் வெறுத்துடுவீங்க. எஜமானும் அடிமையும்னு ஒரு சின்னப் பகுதி வரும், அதை மட்டும் படிங்க: ரெண்டு பேரு ஒருத்தர் இன்னொருத்தரை மதிக்க வைக்க உயிரைப் பணயம் வெச்சு மோதுறாங்க, பயந்தவன் அடிமை ஆகுறான், ஆனா எஜமானுக்கும் ஏமாத்தம்தான், ஏன்னா தான் மதிக்காதவன் குடுக்கிற மதிப்பு அவனுக்கு எதுக்கு? அடிமை உழைச்சு பொருளை உருவாக்கி அதுல தன்னைக் காண ஆரம்பிக்கிறான். உடனே ஃபனானை எடுங்க, மார்டினிக் தீவுக்காரர், 1952ல ஹெகலுக்கு பதில் சொல்றாரு: நம்ம எஜமானுக்கு நம்ம மரியாதையே வேணாம், உழைப்பு மட்டும் போதும்னு. கரும்புத்தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு ஃபனான் சொல்றது சட்டுனு புரியும்.

‘நாமார்க்கும் குடியல்லோம்’னு அப்பர் ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு முன்னாடியே பாடிட்டாரே. அப்புறம் எதுக்கு வெள்ளைக்காரன் தத்துவம்?
– தேவார வகுப்பு ஆசிரியை, டங்காட்

அக்கா, பல்லவ ராஜா கூப்பிட்டு ஆள் அனுப்பினப்ப வரமாட்டேன்னு பாடினதா பெரியபுராணம் சொல்லுது, ராஜா முகத்துக்கு நேரா அந்த வார்த்தைய சொல்ற தெம்பு எந்த மொழிலயும் அபூர்வம். ஆனா பாட்டை முழுசா பாடிப் பாருங்க, யாருக்கும் குடியில்லன்னு ஆரம்பிச்சு சிவனுக்கு என்னைக்கும் மீளாத ஆளுன்னு முடியுது. ராஜாவுக்கு அஞ்சாத பலம் அவருக்கு அங்கருந்து வருது. அந்த மேல இருக்கிற ஆள் இல்லாமலே மனுஷன் நிமிந்து நிக்க முடியுமா, அப்படி நிக்கிற நாலு பேரு சேர்ந்து எப்படி ஊரை நடத்துறதுங்கிறதுதான் நவீன தத்துவத்தோட தலைவலி. ரெண்டும் வேற கேள்வி. வகுப்புல பிள்ளைங்களுக்கு ரெண்டையும் சொல்லிக் குடுங்க.

94ல எல்லா இனத்துக்கும் ஓட்டு கெடைச்ச முதல் தேர்தல்ல காலைலருந்து வரிசைல நின்னு ஓட்டுப் போட்டவ நான். இப்ப யார் வந்தாலும் குழாய்ல தண்ணி வரல. இனிமே போடப் போறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். தப்பா?
– பாட்டி, வெருலம்

தப்புன்னு சொல்ல நான் யாரு பாட்டி. ரூசோங்கிற தத்துவக்காரர் 1762லயே உங்க பக்கம் பேசியிருக்காரு, இங்கிலீஷ்காரன் தன்னை சுதந்திரமானவன்னு நெனச்சுக்கிறான், எலெக்‌ஷன் அன்னைக்கு மட்டும்தான் அவன் சுதந்திரம், ஆளைத் தேர்ந்தெடுத்து முடிஞ்சதும் பழையபடி அடிமைன்னு. ஓட்டுப் போடாம இருந்ததே பெரிய காரியமா இருந்த காலமும் நமக்கு உண்டு, 1984ல மூணு சபை பார்லிமெண்ட்னு ஒண்ணைக் கொண்டு வந்து வெள்ளைக்காரனுக்கு 178, கலர்டுன்னு சொன்ன கலப்பின மக்களுக்கு 85, நமக்கு 45 சீட்டு, கறுப்பின மக்களுக்கு ஒண்ணும் இல்லன்னு பங்கு போட்டான், நம்ம ஆளுங்கள்ல பேர் பதிஞ்சவங்கள்லயே அஞ்சுல ஒருத்தர்தான் போனாங்க. அதுல நீங்களும் போகாதவங்களா இருப்பீங்க.

ஆனா அன்னைக்கு வீட்ல இருந்தவங்க சும்மா இல்ல, கூட்டம் போட்டாங்க, வீடு வீடா போய் போகாதீங்கன்னு பேசினாங்க. போகாததே ஒரு குரலா கேட்டது அதனாலதான். இன்னைக்கு நீங்க போகலன்னா அது யாருக்கும் கேக்காது, அந்த வித்தியாசம்தான் என் கவலை. தண்ணி டேங்கர் எப்ப வரும்னு கவுன்சிலருக்கு ஃபோன் போட்டு கெஞ்சிக்கிட்டு இருக்கோம்ல, அது மேல மிட்ராண்ட் தம்பிக்கு சொன்ன அதே தயவு கதைதான், ஓட்டும் இல்லன்னா கெஞ்சல் மட்டும்தான் மிஞ்சும். ஓட்டுப் போடுறீங்களோ இல்லையோ, அடுத்த வார்டு கூட்டத்துக்கு உங்க தெருக்காரங்க நாலு பேரைக் கூட்டிட்டுப் போங்க. தண்ணிக்கு ஒதுக்கின பணம் எவ்ளோ, எந்தத் தேதிக்குள்ள எந்த பைப்பை மாத்துறாங்கன்னு கேட்டு அதை மினிட்ஸ்ல எழுத வைங்க. எழுதாம விடாதீங்க, வாயால சொன்னா அடுத்த கூட்டத்துல அப்படி சொல்லவே இல்லம்பாங்க.